மஞ்சளின் மேல் மெஜந்தா

எனக்குப் பதினேழு வகைச் சிவப்பு தெரியும். என் மனைவி காஞ்சனாவுக்குத் தெரிந்தவை இரண்டே: மிளகாய்த்தூள், குங்குமம். அப்படிப்பட்டவள் படத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

திருப்பதியில் மருத்துவப் புத்தகம் போடும் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் உடற்கூறுப் படம் வரைந்தேன். நான் வரைந்த ஈரலைப் பார்த்துக் கசாப்புக் கடைக்காரரே கிலோ என்ன விலை என்று கேட்டிருக்கிறார். கடைசி நாலு வருஷம் என்னை வண்ணம் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டு, குடிபாலாவிலிருந்து வந்த ஆதிகேசவனைக் கம்ப்யூட்டரில் வரையச் சொன்னார்கள். நல்ல பையன். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவான்.

அவன் வரைந்த கழுத்துப் படத்தின் புரூஃபை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இன்னாங்க, ரத்தம் ஓடிக்கினு கீற மாதிரியே கீதே," என்றாள் காஞ்சனா. "நீங்க போட்டதெல்லாம் பொம்மைங்க. இதான் மனுசன்."

நான் கோபப்படவில்லை. இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

கல்லில் அச்சடித்த காலத்தில் நிறத்துக்கு ஒரு கல். இப்போது நாலு மைக்கு நாலு தகடு. தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். தைராய்டுக்குப் பின்னால், தமனியை ஒட்டி நூல்போல ஏறுவது குரலுக்கான நரம்பு. மறுநாள் அந்த மஞ்சள் கோட்டின் மேல் மெஜந்தாவை ஏற்றினேன். இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. நரம்பு, தமனியின் கிளையாகிவிட்டது. கிளையைக் கட்டி அறுக்கலாம். நரம்பை அறுக்கக் கூடாது. நான் கையெழுத்துப் போட்ட புரூஃபை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. டாக்டர் யாராவது கண்டுபிடித்து ஆதிகேசவனைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. நான் ஓய்வுபெற்றேன்; பத்து வருஷத்தில் புத்தகம் மூன்று பதிப்பு போயிற்று.

போன வருஷம் காஞ்சனாவுக்குக் கழுத்தில் கட்டி. சித்தூரில் ஆபரேஷன். அதற்கு முதல் நாள், சின்ன வயது டாக்டர் சுஷ்மிதா எங்களுக்கு விளக்க அதே பக்கத்தைத் திறந்தார்.

"நான் படிச்சதே இதுலதான் அங்கிள். இந்தக் கிளையக் கட்டிட்டு அறுத்துடுவோம்."

விரல் என் சிவப்பின் மேல் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"இது நம்ம ஆதிகேசவன் போட்டதுதானே?" காஞ்சனா எட்டிப் பார்த்துப் பூரித்தாள். "பாத்தீங்களா, டாக்டரம்மாவே இதத்தான் வெச்சிக்கினு கீறாங்க."

மூடிக்கொண்டேன்.

இப்போது அவளுக்குக் குரல் வராது. வெறும் காற்றுதான் வரும். விசாரித்தபோதுதான் படத்தில் நரம்பு சிவப்பாக இருப்பது வெளியே வந்தது; தப்பு ஆதிகேசவனுடையது என்று அச்சகம் முடிவுகட்டிற்று. பாதிக்கப்பட்டவளே என் மனைவி; என்னை யார் சந்தேகிப்பார்கள்? மன்னிப்புக் கேட்க வந்தவன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதான். நான்தான் தேற்றி, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

கஞ்சி ஆற்றித் தருகிறேன், தலை வாரிவிடுகிறேன். இப்படியொரு புருஷன் ஏழு மலை தேடினாலும் கிடைக்கமாட்டான் என்கிறார்கள். நிம்மதியாக இருக்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது ஆதிகேசவனைப் புகழ்ந்து யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.