பூனை தோண்டிய கடல்

நடராசன்: செருப்ப அங்கயே கழட்டிட்டு வா, அம்சா. பாத்தி ஓரமா... பாத்து, பாத்து...

அம்சவள்ளி: என்னண்ணே, கோயிலுக்குள்ள கூப்புடுற மாதிரி கூப்புடுறீங்க? மாவு கேட்டு ஆளுங்க வந்து நிக்கிற நேரம். பக்கத்து வூடுதானே, மதிலுக்கு அந்தாண்டேருந்தே சொல்லக் கூடாதா?

நடராசன்: அங்கேருந்து பாத்தா தெரியாது. குனி. கனகாம்பரத்துக்கு அடியில என்ன இருக்கு?

அம்சவள்ளி: பள்ளம்.

நடராசன்: யாரு தோண்டுனது?

அம்சவள்ளி: எனக்கென்ன தெரியும்! நான் எதுக்கு உங்க தோட்டத்துல வந்து தோண்டப்போறேன்?

நடராசன்: உன்னைய யாரு கேட்டா? பூனைம்மா. அந்தச் செவலப்பூனை. உன் வூட்டுல பால் குடிச்சுட்டு, வெளிக்கிருக்க மட்டும் என் தோட்டத்துக்கு வருதே... அது.

அம்சவள்ளி: ஓ... பூனையா. அது எங்க பூனை இல்லண்ணே. தெருவுக்கே பொது.

நடராசன்: பால் மட்டும் உன் வூட்டுல.

அம்சவள்ளி: ஒரு வாய் ஊத்துனது குத்தமா?

நடராசன்: குடிக்கிறத நான் கேக்கல. குடிச்சதுக்கு அப்புறம் நடக்கறதத்தான் கேக்குறேன். எலுமிச்சந்தோல் போட்டேன். வேலமுள்ளு வெட்டியாந்து போட்டேன். மொளகாப்பொடி தூவுனேன்...

அம்சவள்ளி: காத்து திரும்பி அடிச்சு, நீங்க போட்ட தும்மல்ல எங்க வூட்டுக் குக்கர் விசிலு காதுல விழல. சோறு குழைஞ்சு போச்சு.

நடராசன்: சிரி, சிரி. பாட்டில்ல நீலம் கலந்த தண்ணி ஊத்தி வரிசையா வச்சேன்...

அம்சவள்ளி: அது நாய்க்குண்ணே! தெரு பூரா வாசல்ல நாய்க்குத்தான் வைக்கிறாங்க.

நடராசன்: நாய்க்கு ஆவுறது பூனைக்கு ஆவாதா?

அம்சவள்ளி: ஆச்சே. மத்தியான வெயிலுக்கு அந்தப் பாட்டில்ல முதுக வச்சுத்தான் படுத்துக் கெடந்துச்சு. சில்லுன்னு இருந்துருக்கும்.

நடராசன்: அதான், இனிமே ஆவாதுன்னு வேல்முருகன்கிட்ட சொல்லிட்டேன். அவன் மினி வேன் இன்னைக்கு முந்திரிக்கொட்டை ஏத்த உடையார்பாளையம் போவுது. போற வழியில முந்திரிக்காட்டுல அவுத்துவுட்டுருவான்.

அம்சவள்ளி: இன்னைக்கா? ஞாயித்துக்கெழமைன்னுல்ல சொன்னீங்க?

நடராசன்: அத விடு. அதுக்கா உன்னைய கூப்புட்டேன்? கைய நீட்டு. இந்தா, புடி.

அம்சவள்ளி: ஆத்தாடி... என்னண்ணே இது! கல்லு... பாம்பு சுருண்டு படுத்த மாதிரி...

நடராசன்: பூனை நோண்டுன பள்ளத்துல கெடந்துச்சு.

அம்சவள்ளி: பூனை நோண்டுன பள்ளத்துலயா! அண்ணே... இது சும்மா கல்லு இல்லண்ணே. நாகரு. இந்தத் தெருவுல இத்தன வூடு இருக்கு, உங்க தோட்டத்துக்கு வந்து காட்டிக் குடுத்துருக்கு பாருங்க. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு.

நடராசன்: எங்க, காட்டு.

அம்சவள்ளி: என்னத்த?

நடராசன்: சிலுத்தத.

அம்சவள்ளி: வெளையாடாதீங்க. சாமி காரியம். மஞ்சத் தடவி, பொட்டு வச்சு, இங்கயே ஒரு ஓரமா வைங்க. இந்தப் பூனைய போயி வண்டியில ஏத்துனா அந்தப் பாவம் நம்மள சும்மா விடுமா?

நடராசன்: இது சாமி இல்ல அம்சா. கடல்ல இருந்த நத்தை.

அம்சவள்ளி: கடலா? அரியலூருக்கு ஏதுண்ணே கடலு?

நடராசன்: இருந்துச்சு. இந்த ஊரு, அந்தாண்ட பெரம்பலூரு பக்கம், எல்லாமே ஒரு காலத்துல கடலுதான். மனுசன்னு ஒருத்தன் வர்றதுக்கு முன்னாடி. சாத்தனூர்ல கல்லாப் போன மரம் கெடக்கே, பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போயி காட்டலையா ஒனக்கு?

அம்சவள்ளி: போனோம். புளிசாதம் கட்டிக்கிட்டு. மரத்தப் பாத்தது நெனப்பில்ல, சாதம் நெனப்பிருக்கு.

நடராசன்: அந்தக் காலத்து உசிருதான் இது. மண்ணுக்குள்ளயே கெடந்து கல்லாயிருச்சு.

அம்சவள்ளி: அப்ப அதுவும் பெரிய விசயம்தானே? நத்தையோ நாகரோ, கண்டுபுடிச்சது யாரு? பூனை! அதப் போயி...

நடராசன்: கண்டுபுடிச்சிருச்சுல்ல, அது வேல முடிஞ்சுது. போவட்டும்.

அம்சவள்ளி: என்னண்ணே, கல்லு மனசா இருக்கீங்க!

நடராசன்: ஆமா. நான் இந்தப் பாத்திய யாருக்கோசரம் காபந்து பண்றேன்னு ஒனக்குத் தெரியாதா? உங்க அண்ணி வச்ச கனகாம்பரம். போன வருசம் ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட, தண்ணி ஊத்த மறந்துறாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் ஆம்புலன்ஸ்ல ஏறுனா. ஆள் திரும்பி வரல. மிச்சம் இருக்கறது இந்த நாலு செடி. அத ஒரு பூனை வந்து பொறட்டிப் போட்டா எனக்கு எப்படி இருக்கும்?

அம்சவள்ளி: ...தெரியும்ணே. பொன்னாயி அண்ணி கையால பூ வாங்கி வைக்காத வெள்ளிக்கெழம எனக்கு இல்ல.

நடராசன்: அப்புறம் என்ன?

அம்சவள்ளி: அண்ணே... அங்க, செடிக்கு அந்தப் பக்கம்... அது என்ன சாக்கு?

நடராசன்: அதுவா. அதத் தொடாத.

அம்சவள்ளி: ஏன் உப்பியிருக்கு?

நடராசன்: தொடாதன்னு சொல்றேன்ல.

அம்சவள்ளி: அண்ணே! உள்ள என்ன இருக்கு? அசையவே இல்லையே... காலையிலேருந்து பூனையக் காணும். கிண்ணத்துல ஊத்துன பாலு அப்படியே கெடக்கு. அண்ணே, அதப் புடிச்சுட்டீங்களா?

நடராசன்: வண்டி வர்ற நேரம்.

அம்சவள்ளி: குட்டி இருக்குண்ணே அதுக்கு! மூணு! எங்க வெறகு கொட்டாயில போட்டுச்சு. மூணு நாளா குட்டியக் காணும், வாயில கவ்விக்கிட்டு எங்கயோ மாத்திருச்சு. ஏழு வூடு மாத்தும்பாங்க, எந்த வூட்டுல வச்சிருக்கோ... தாய நீங்க ஏத்தி அனுப்பிட்டா அதுங்க கண்ணக்கூட சரியா தொறக்காம கத்திக் கத்தியே செத்துரும்ணே...

நடராசன்: அழாத. ஒரு பூனைக்கு எதுக்கு இப்படி அழுவுற?

அம்சவள்ளி: உங்களுக்கென்ன! அவரு சுண்ணாம்புக்கல்லு லாரிக்குப் போனா என்னைக்கு வருவாருன்னு இல்ல. சண்முகப்பிரியாவ கட்டிக் குடுத்து திருப்பூருக்கு அனுப்பியாச்சு. நாள் பூரா கிரைண்டர் சத்தத்தத் தவிர எங்க வூட்டுல ஒரு சத்தம் இல்ல. இது ஒண்ணுதான் வந்து காலச் சுத்தும். நான் பேசுனா மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கும்ணே. மனுசங்க யாரு அப்படிக் கேக்குறாங்க? அவுத்து வுடுங்கண்ணே. உங்க கால்ல விழுறேன். அதுவா உங்க கல்லக் கண்டுபுடிச்சுச்சு? நாந்தாண்ணே... நான் பொதச்சேன்!

நடராசன்: என்னது?

அம்சவள்ளி: நான்தான் பொதச்சேன். அவரு லாரியில வரும்போது எப்பயோ எடுத்தாந்தாரு. சும்மா மூலையில கெடந்துச்சு. நீங்க சாக்கோட நின்னதப் பாத்தேனா... மனசு கேக்கல. பூனை எப்புடியும் அங்கதான் நோண்டும், கல்லு வெளிய வந்தா ஏதோ சாமின்னு பயந்து விட்டுருவீங்கன்னு நெனச்சேன். நீங்க மார்க்கெட்டு போயிருந்தப்ப மதில் ஏறிக் குதிச்சு...

நடராசன்: மதில் ஏறிக் குதிச்சியா? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா?

அம்சவள்ளி: அண்ணே!

நடராசன்: சரி, சரி. மூலையில கெடந்துச்சுன்னியே, எந்த மூலையில?

அம்சவள்ளி: ...மாவுக் குண்டான் மேல. பொங்கி வழிஞ்சா மூடியத் தள்ளிரும்ல. வெயிட்டுக்கு வச்சிருந்தேன்.

நடராசன்: அதச் சொல்லு. கோடி வருசத்துக் கடல் நத்தையோட சுருளு பூரா இட்லி மாவு காஞ்சு ஒட்டியிருக்கேன்னு நானும் முந்தாநேத்துலேருந்து மண்டையக் கொழப்பிக்கிட்டு இருக்கேன்.

அம்சவள்ளி: முந்தாநேத்தா? அப்ப... தெரியுமா உங்களுக்கு?

நடராசன்: மோந்து பாத்தேன். புளிச்ச வாடை. இந்தத் தெருவுல மாவு விக்கிறது யாரு?

அம்சவள்ளி: தெரிஞ்சுக்கிட்டேவா இவ்ளோ நேரம்... நாகரு, சாமின்னு என்னை ஆட விட்டீங்க!

நடராசன்: நல்லாத்தான் ஆடுன. சிலுத்ததுதான் கொஞ்சம் சரியில்ல.

அம்சவள்ளி: என்னை என்ன வேணா சொல்லுங்க. பூனைய வுட்டுருங்க.

நடராசன்: சாக்குக்குள்ள பூனை இல்ல. ஒரு ஓரத்தப் புடி. மெதுவா... இழுக்காத, தூக்கு.

அம்சவள்ளி: ஈரமா இருக்கு...

நடராசன்: காஞ்சு போயிறக் கூடாதுன்னு நான்தான் நனைச்சுப் போட்டேன். தூக்கு.

அம்சவள்ளி: ...அண்ணே.

நடராசன்: ம்.

அம்சவள்ளி: இது... இது நான் பொதச்சது இல்லண்ணே.

நடராசன்: தெரியும்.

அம்சவள்ளி: அண்டா மூடி பெருசு இருக்கு! இது... இதும் அதே சுருளு... சுத்திச் சுத்தி உள்ள போவுது...

நடராசன்: பாதிதான் தெரியுது. மீதி செடிக்கு அடியில போவுது. உன் கல்லு கெடந்த பள்ளத்த விட்டுட்டு, இன்னைக்கு விடியக்கால பாத்தா பூனை செடிக்கு இந்தப் பக்கம் வந்து நிக்குது. பக்கெட்டுத் தண்ணிய மேல ஊத்தலாம்னு தூக்கிக்கிட்டு வந்தேன். அது ஓடல. பின்னங்காலால மண்ணத் தள்ளுது, தள்ளுது... நகம் எதுலயோ பட்டு கரக்குன்னு கேட்டுச்சு. அது போனப்புறம் அந்தத் தண்ணிய பள்ளத்துல ஊத்துனேன். மண்ணு கரைய கரைய, ஒவ்வொரு கோடா மேல வருது அம்சா. பக்கெட்ட வச்சுட்டு அப்புடியே ஒக்காந்துட்டேன்.

அம்சவள்ளி: தொடலாமா?

நடராசன்: தொடு. வெரல வச்சு அந்தக் கோட்டோடயே போ.

அம்சவள்ளி: வரி வரியா... கைக்குத் தெரியுது. சில்லுன்னு இருக்குண்ணே. இது உசிரோட இருந்துச்சா?

நடராசன்: இருந்துச்சு. இங்கதான். நாம குந்தியிருக்கற இதே எடத்துல நீந்திக்கிட்டு.

அம்சவள்ளி: நம்ம தலைக்கு மேல தண்ணி...

நடராசன்: எவ்ளோ ஆழமோ.

அம்சவள்ளி: ...இப்ப சிலுக்குதுண்ணே. நெசமாவே. பாருங்க கைய.

நடராசன்: எனக்கும்தான். ஒனக்கு ஒண்ணு தெரியுமா? வூடு கட்டி வந்த புதுசுல பொன்னாயி இங்க மல்லி வைக்கணும்னு கடப்பாரையப் போட்டா. டங்குன்னு சத்தம். பாறை போலருக்குன்னு விட்டுட்டு, வேர் ஆழமாப் போவாத செடியா இருக்கட்டும்னு கனகாம்பரம் வச்சா. அத்தன வருசமா, காலையில சாயங்காலம், கொடம் கொடமா... கடலுக்குத் தண்ணி ஊத்தியிருக்கா அம்சா. அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

அம்சவள்ளி: அண்ணி இருந்திருந்தா...

நடராசன்: இருந்திருந்தா இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பா. எனக்கு யாரக் கூப்புடறதுன்னு தெரியல. ஒன்னைத்தான் கூப்புட்டேன்.

அம்சவள்ளி: அதுக்கு எதுக்குண்ணே வேன், முந்திரிக்காடுன்னு என் உசிர எடுத்தீங்க?

நடராசன்: மாவுக்கல்ல பொதச்சு என்னை ஏமாத்தப் பாத்தேல்ல. கொஞ்சம் பதறட்டும்னுதான். வேல்முருகன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல.

அம்சவள்ளி: அப்ப பூனை எங்க? பாலு குடிக்க ஏன் வரல? குட்டிங்கள வேற எங்க தேடுறது... எல்லா வூட்டுலயும் கேட்டுட்டேன். உங்க வூட்டுல மட்டும்தான் கேக்கல. நீங்க சாக்கு வச்சிருந்தீங்கன்னு பயம்.

நடராசன்: மெதுவாப் பேசு. இப்பதான் பாலு குடிச்சிட்டுத் தாயும் புள்ளையுமா தூங்குதுங்க... பொன்னாயி கட்டில்ல. ஒரு வருசமா அதுல ஒருத்தரையும் ஒக்கார விட்டதில்ல நான். அது என்னைக் கேக்கவே இல்ல அம்சா, ஒண்ணொண்ணா கவ்வியாந்து அவ தலகாணி மேல வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு. மூணு நாளா பக்கத்துல கீழ பாய் போட்டுத்தான் படுத்துக்கிட்டு இருக்கேன்.