ஸ்ரெல்லாவின் நீரோட்டக் கணக்கு

“கொல்லுறதோ? கொம்பியூட்டருக்குள்ளை ஆரையப்பா கொல்லுறது?”

“ஆளையில்லை, கணக்கை. ஓடிக்கொண்டிருக்கிற கணக்கை இடையிலை நிப்பாட்டுறதுக்கு அவையள் அப்பிடித்தான் சொல்லுறவை. நீ ஏன் இப்பவே என்ரை கையைப் பிடிக்கிறாய்? பேய் இன்னும் வரேல்லை.”

பங்கர்க் குழிக்குள் சிரிப்பு எழுந்து அடங்கியது. மேலே பொம்பர் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி ஏழெட்டுப் பேர், முழங்காலோடு முழங்கால் இடிபட. கதை சொன்னவர் செபநாயகம். நடந்தது அவருடைய சிநேகிதனின் மச்சான் மரியரட்ணத்துக்கு. போன வருடம், தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதம்.

இணுவில் பக்கம் ஒரு கடலாராய்ச்சி நிலையம். அங்கே ஐந்து கொம்பியூட்டர்கள். மரியரட்ணம் அவற்றை வயரால் கோத்து, பெரிய கணக்கொன்றை ஐந்தும் பங்குபோட்டுச் செய்யும்படி வைத்திருந்தான். எல்லோருக்கும் பொது. யாருடைய கணக்கு ஓடுகிறதோ அவருடைய பெயர் திரையில் நிற்கும். யாரை முன்னே விடுவது, யாரை நிறுத்துவது எல்லாம் அவன் கையில். “இண்டைக்கு ஆரைக் கொல்லப்போறியள், அண்ணை?” என்று அங்கே படிக்கிற பெடியள் அவனைப் பகிடி பண்ணுவார்கள்.

கரண்ட் நின்றுபோன காலம். மண்ணெண்ணெய் ஊற்றி ஜெனரேற்றர் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயோ... மருந்துக்கும் கிடைக்காது.

அன்று திரையில் நின்ற பெயர் ஸ்ரெல்லா. அங்கே படிக்கிற குருநகர்ப் பிள்ளை. செல்லடிக்குத் தப்பி, தாய் லூர்த்தம்மாவோடு சண்டிலிப்பாயில் ஒதுங்கியிருந்தாள். தகப்பன் சந்தியோகு கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து, ஆளில்லாத வள்ளம் எங்கே போய் ஒதுங்கும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி என்று பெயர். அப்பாவைத் தேடுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே தொடங்கிய கணக்கு. முடியும்வரை கொம்பியூட்டர் றூமிலேயே தங்கி, விடிந்தபின் போவதாக இருந்தாள்.

பின்னேரம் நிலையத் தலைவர் ஆள் அனுப்பினார். பெடியளின் பரீட்சைப் புள்ளிகளின் சராசரி உடனே வேண்டுமாம். நாளைக்குத் தரலாம் என்று மரியரட்ணம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவனுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை... அவன் சொல்லவில்லை.

‘கொல்’ என்ற அந்தச் சொல்லை அடித்தான். பக்கத்தில் அவளுடைய பெயரை அடித்தான். தட்டினான். ஐந்து பெட்டிகளின் இரைச்சலும் ஒரே மூச்சாகத் தணிந்தது. மனம் கூசியதை மறைக்கச் சிரித்தான்.

“ஸ்ரெல்லா, உன்னைக் கொன்றுபோட்டன்.”

அவளும் சிரித்தாள். “கொன்றுபோட்டியளோ? அப்ப ஏன் நான் இன்னும் இங்கை இருக்கிறன்?”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

மைம்மல் பொழுது, இருட்டிக்கொண்டு வந்தது. சண்டிலிப்பாய் ரோட்டில் சனமில்லை. ஹெலிகொப்டருக்குப் பயந்து வாகனங்கள் லைற் போடாமல் ஓடிய நாட்கள். புகையிலைத் தோட்டத்து வளைவில் ஒரு லொறி... அதுவும் லைற் இல்லாமல்.

செத்தவீட்டில் லூர்த்தம்மா அவனுடைய கையைப் பிடித்தாள். “அண்ணை அண்ணையெண்டு உங்களைப் பற்றித்தான் நெடுகக் கதைக்கிறவள், தம்பி. கணக்கு முடியட்டும், விடிய வாறன் எண்டுதானே சொல்லிப்போட்டுப் போனவள். ஏன் இருட்டுக்கை வந்தவள்?”



பிறகு அவனுக்கு நித்திரையில்லை. கணக்கையாவது முடித்து, சந்தியோகு எங்கே என்று அந்தத் தாயிடம் சொல்லவேண்டும். அது ஒன்றுதான் வழி என்று பட்டது. வீடு வீடாக இரந்து மண்ணெண்ணெய் சேர்த்தான். எல்லோரும் போன பிறகு றூமைப் பூட்டிக்கொண்டு தனியே இருந்தான். ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்தது. கணக்கு ஓடத் தொடங்கியது. திரையில் பச்சை எழுத்தில் ஸ்ரெல்லா.

இருந்தான்... இருந்தான்...

முதலில் மண்ணெண்ணெய்ப் புகை மணந்தது. பிறகு அது மாறியது. ஈரவலை மணம். உப்பும் செதிலும்.

ஜெனரேற்றர் விக்கியது. ஒருதரம் உதறி நின்றது. மேலே பல்ப் அணைந்தது.

பெட்டிகள் நிற்கவில்லை.

ஐந்தும் இரைந்தன. ஐந்து திரையும் பச்சையாக எரிந்தன. அவன் ஓடவில்லை. ஓடக்கூடாது, இந்தமுறை முடிய விடவேண்டும் என்று நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கணக்கு முடிந்தது. இரண்டே எண்கள். வள்ளம் ஒதுங்கிய இடம்.

சுவரில் குடாநாட்டு வரைபடம். ரோர்ச் லைற்றை அடித்து, எண்களின்படி விரலை வைத்து நகர்த்தினான். கடல்... தீவுகள்... பண்ணைக் கடல்... விரல் கரையைத் தாண்டியது. பிழை விட்டேனோ என்று திரும்ப வைத்தான். திரும்பவும் தரைதான். சண்டிலிப்பாய் ரோட்டு. புகையிலைத் தோட்டத்து வளைவு.

வெளியே, பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், சைக்கிள் ஸ்ராண்ட் நிலத்தில் ஊன்றிய சத்தம். டக்.

காற்றில் சுற்றும் சில்லு... டிக்... டிக்... டிக்...

“அண்ணை, நல்லா இருட்டிப்போச்சு. எனக்குப் பயமாக் கிடக்கு. அந்த வளைவு மட்டும் ஒருக்கால் என்னோடை வாறியளோ?”