பிரேக்குக்கு ஊற்றிய சந்தனம்

சாமி காரியத்தைக் கேலி செய்ததாக ஆகிவிடுமோ என்று இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பிரேசர் டவுனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு டாக்ஸி. அதன் பிரேக் பெடலை மெக்கானிக், ஒரு முஸ்லிம் பாய், கையால் அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

"இன்னாப்பா, பிரேக்குல சந்தனம்?"

டிரைவர் சொன்னார்: "உசுரக் காப்பாத்துறது அதுதானே, பாய்? அதான் அதுக்கு மட்டும் கரைச்சு ஊத்தினேன்."

"ஊத்தினது பெடல் அச்சுல காஞ்சு பிடிச்சிருக்கு. இத்தோட நந்தி மலை இறங்குவியா?"

"சவாரி காத்திருக்கு பாய். சுரண்டிடு."

பாய் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுரண்டினார், கிரீஸ் வைத்தார். டிரைவர் மிதித்ததும் பெடல் இறங்கித் திரும்பியது. சுரண்டிய சந்தனத்தைப் பாய் காகிதத்தில் மடித்து அவரிடம் நீட்டினார்.

"கால் படாத எடமாப் பாத்துப் போடு."

யாரிடம் சொன்னாலும், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.