பூண்டி வயல்களில் பீடியை அணைத்த குரலுக்கு

மலைமுகில் சமுதாய வானொலியின் மூத்த அறிவிப்பாளர் திரு. சேனாதிபதி அவர்களின் பணி நிறைவு விழாவில் அன்போடு வாசித்தளிக்கும் மடல்

மேல்மலையின் விடியலே! மூடுபனியிலும் முகம் தெரிந்த குரலே! எங்கள் அன்பு அண்ணன் அவர்களே!

பதினெட்டு ஆண்டுகள், ஒரு நாளும் பிந்தாமல், காலை ஐந்தரைக்குப் பூண்டுக்கும் கேரட்டுக்கும் விலை சொன்னீர்கள். உறைபனி விழும் நாளையும் பேருந்து வராத நாளையும் முன்னரே சொன்னீர்கள். பேத்துப்பாறை முதல் பூண்டி வரை தங்கள் குரல் கேளாமல் மண்வெட்டி எடுத்தவர் இல்லை.

"தப்பை மறைச்சுப் பாராட்டினா மடலை வாங்க மாட்டேன்" என்று தாங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அதையும் எழுதுகிறோம். "குளிருதாண்ணே? ஒரு பீடியைப் பத்த வைங்க, விலையைச் சொல்றேன்!" என்றுதான் அந்நாளில் நிகழ்ச்சியைத் தொடங்குவீர்கள். வரப்போரம் வானொலி பேசியதும் கைகள் தாமாக மடியைத் தேடும். நாங்களும் ரசித்துச் சிரித்தவர்களே.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், பூண்டியிலிருந்து வீரம்மாள் நேரலையில் அழைத்தார். "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு கெட்டுக் கெடக்குங்க. இனி பீடியத் தொட்டா ஆளு தங்காதுன்னுட்டாரு டாக்டரு. நாள் பூரா எஞ்சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருக்காரு. வெள்ளனே நீங்க சொன்னதும் பத்த வச்சிடுறாரு. நான் என்னங்க செய்ய?"

பாட்டு ஒன்றைப் போட்டுத் தப்பியிருக்கலாம். தாங்களோ, "தப்பு எம்மேலதான் தாயி" என்று மலையே கேட்க மன்னிப்புக் கேட்டீர்கள். மறுநாள் முதல், விலை சொல்லும் முன், அவர் கணவர் பழனிச்சாமியை நேரலையில் அழைத்தீர்கள்: "மாமா, இன்னைக்கு எத்தனாம் நாளு?"

பத்தொன்பதாம் நாள் அவர் முனகினார். "நேத்து ஒண்ணு இழுத்துட்டேன்ப்பா."

"நானுந்தான் மாமா. ரெண்டு பேருக்கும் இன்னைக்கு ஒண்ணாம் நாளு!"

தாங்களும் விடப் போராடுகிறீர்கள் என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. பின்னாலிருந்து வீரம்மாள், "நல்ல சோடிதான் போங்க!" என்று சிரித்ததும் ஒலிபரப்பாயிற்று. அடுத்த வாரமே பேத்துப்பாறை ஒச்சன், "எனக்கு மூணாம் நாளுங்க" என்று அழைத்தார். பிறகு தொலைபேசி ஓயவில்லை. வானொலி பற்றவைத்ததை வானொலியே அணைத்தது, ஐயா!

இவ்விழாவுக்காக நேற்று வீரம்மாளிடம் வாழ்த்துக் கேட்டோம். "வெரசா கேளுங்க, சோலி கெடக்கு. நானும் அவரும் பூண்டு பிடுங்கப் போகணும்" என்றார்.

நானும் அவரும்! இதைவிடப் பெரிய விருது எங்கள் கையில் இல்லை அண்ணே. தங்கள் துணைவியாரோடு, நெஞ்சு நிறைந்த மூச்சோடு, நூறாண்டு கடந்தும் வாழ்க!

என்றும் தங்கள் குரலுக்குக் காது கொடுக்கும்
நிலையப் பணியாளர்கள்,
கொடைக்கானல்