அவருக்கு ஊசி வேண்டாமாம்

கெலுகோர் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் அறுவைச் சிகிச்சை அறைத் தாதியர் இருவர்.

"நம்ம பெரிய டாக்டர் தொப்புள்ல ஊசியைக் கண்ணை மூடிக்கிட்டுக் குத்துறாரு அக்கா. தைரியம்லா," என்றாள் இளையவள்.

"எல்லாருக்கும் அப்படித்தான். குத்தி, வயித்துக்குள்ள காத்து அடிச்சு, அப்புறம்தான் கேமரா," என்றார் மூத்தவர்.

"நாளைக்குப் பித்தப்பை எடுக்க வந்து படுத்திருக்கிற புக்கிட் தெங்கா ஊரு அம்மாவுக்கு நடு வயித்துல பழைய தழும்பு. அதுல குடல் ஒட்டியிருந்தா ஊசி பட்டு ஓட்டை விழுந்திரும். சின்னதா கீறி, பார்த்துக் குழாய் விடலாம்ல?"

"சொன்னேன். இருபது வருஷமா ஊசிதான், ஒண்ணும் ஆகலைன்னாரு."

"யாருக்கு ஒண்ணும் ஆகல?"

"அவருக்கு."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"போன மாசம் அவருக்கே இதே ஆபரேஷன் நடந்தப்ப நீங்கதானே அக்கா கூட நின்னீங்க. ஊசியா?"

"அவரு வயித்துல ஒரு தழும்பும் கிடையாது. ஆனா மயக்க மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி, அறுக்க வந்த டாக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஊசி வேணாம், கீறிப் பார்த்துப் போங்க'ன்னாரு."

"இந்த அம்மாவும் அப்படிக் கேட்கலாம்லா?"

"கேளுங்கன்னு காதுல சொன்னேன். 'பெரிய டாக்டராச்சே, தெரியாமலா செய்வாரு'ன்னு சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டாங்க."