மூன்றாம் பந்தியில் இல்லாத பெயர்

நான் இங்கிலீஷை மெதுவாகத்தான் வாசிப்பேன். ஆனால் ஒரு சொல்லையும் தாண்டிப் போகமாட்டேன். துஷாந்துக்கு இது தெரிந்திருக்கவில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் தண்ணீர்த் தாங்கிகள் செய்யும் பட்டறை ஒன்றில் நான் வெல்டர்களுக்கு மேற்பார்வையாளன். துஷாந்த் அங்கே எஞ்சினியர். கிணற்றுத் தண்ணீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிரித்தெடுக்கும் தாங்கி ஒன்றை வரைந்து கொண்டுவந்தான். எட்டுத் தரம் செய்தோம். எட்டுத் தரமும் அடியில் மண்டி தங்கி அடைத்தது. அடித்தட்டைச் சரித்து, வாயை ஒரு பக்கம் ஒதுக்கினால் மண்டி தானாக இறங்கும் என்று கண்டுபிடித்தவன் நான். பதினொரு வயதிலிருந்து சீமெந்து குழைத்த கைக்கு எது எங்கே தங்கும் என்று தெரியும். ஒன்பதாவது தாங்கி அடைக்கவில்லை.

"அண்ணை, இது உங்கட கையாலதான் ஓடுது" என்று அன்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். நான் அதை நம்பினேன்.

அவனுடைய மனைவி அட்சயா ஹூஸ்ரனில் டாக்டர் பயிற்சியில் இருந்தாள். மூன்று வயது மகள் சாம்பவியும் தாயோடு. அவர்களோடு போய் இருப்பதற்காக அமெரிக்காவின் 'தேசிய நலன் விலக்கு' வழியில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தான். அதற்கு வேலை தருகிற முதலாளி தேவையில்லை. இந்த வேலை அந்த நாட்டுக்கு முக்கியம், அதைச் செய்ய இவனே தகுந்தவன் என்று அவனுடைய வேலையை அறிந்தவர்கள் கடிதம் கொடுக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவனே எழுதிக் கொண்டுவருவான். மற்றவர் கையெழுத்து வைப்பார். பலரும் செய்வதுதான்.

மதியச் சாப்பாட்டு நேரம், நான் கொடுப்பதாக அவன் எழுதிய கடிதத்தோடு வந்தான்.

"அண்ணை, ஒரு கையெழுத்து."

"என்னடா எழுதிக் கிடக்கு?"

"என்னைப் பற்றிக் கொஞ்சம் புளுகிக் கிடக்கு. கண்டுகொள்ளாதேங்கோ."

"உன்ர கலியாணப் பேச்சுக்கும் உப்பிடித்தான் எழுதிக் குடுத்தனியோ?"

இரண்டு பேரும் சிரித்தோம்.

சரிந்த அடித்தட்டைத் துஷாந்த் தனியே வடிவமைத்தார், தொழிலாளர்கள் அவர் சொன்னபடி ஒட்டினார்கள் என்று மூன்றாம் பந்தியில் இருந்தது. அதைச் சொல்வது நான். என் கைகள் ஒன்றும் செய்யவில்லை என்று என் வாயாலேயே சொல்ல வைத்திருந்தான்.

கையெழுத்து வைத்தேன். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் குடிவரவு அலுவலகத்துக்கு நான்கு வரி எழுதினேன். கடிதத்தை எழுதியது நானல்ல, விண்ணப்பதாரர். மூன்றாம் பந்தி பொய். அது பொய் என்று அவருக்குத் தெரியும். என் பெயரை வெளியிட வேண்டாம். என் கொப்பியில் நான் கீறி, திகதி போட்டு வைத்திருந்த அடித்தட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். நான்கு வரியிலும் பொய் இல்லை.

அவர்கள் அவனிடம் விளக்கம் கேட்டார்கள். கடிதத்தைத் தானே எழுதியதாக அவன் ஒப்புக்கொண்டான். வேண்டுமென்றே பொய்யான ஆவணம் கொடுத்தார் என்று முடிவாகியது. விண்ணப்பம் மட்டுமல்ல, எல்லையும் மூடிவிட்டது. இனி மகளைப் பார்க்கக்கூட அவன் அங்கே போக முடியாது.

பிறகு ஒருநாள் கசங்கிய தாளொன்றைக் கொண்டுவந்தான். அதே கடிதம், முதல் எழுதியது. மூன்றாம் பந்தியில் என் பெயர் இருந்தது: ஸ்ரீதரன் இல்லாவிட்டால் இந்தத் தாங்கி இல்லை.

"லோயர் பேர்ணடெற்தான் உங்கட பேரை வெட்டச் சொன்னவ. பங்குக்கு இன்னொராள் நிண்டா, நான் முக்கியமில்லையெண்டு நினைப்பினமாம். ரெண்டு கிழமை சண்டை பிடிச்சனான் அண்ணை. உங்களிட்டைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"ஓம், விளங்குது" என்றேன்.

"ஆரோ எழுதிப் போட்டிருக்கினம். அந்த ஆள் வந்து விளக்கம் குடுத்தால் ஏதும் செய்து பாக்கலாமெண்டு லோயர் சொல்லுறா. ஆரெண்டுதான் தெரியேல்லை."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான். மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பிள்ளையோடு கதைப்பான். எப்ப வருவீங்கள் என்று அவள் கேட்பாள். பெரியப்பாவுக்குக் கை காட்டு என்று போனை என் பக்கம் திருப்புவான். நானும் கை காட்டுவேன்.

எழுதியது யாரென்று அவன் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் மறைக்கமாட்டேன். பொய் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை.