கல்லாற்று இறக்கம்

சைக்கிள் ஓட்டுவதற்குக் காரில் வருகிறவர்களை எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை, மேடம். காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து வருவார்கள். பெரம்பலூர் பாலக்கரையில் இறக்கி, சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் ஆளுக்கொரு டீ. அதற்குள் மலையடிவாரத்தில் களையெடுக்கிற பெண்கள் அரை வயலை முடித்திருப்பார்கள். எனக்கு டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் எழுதுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் வெற்றிச்செல்வி. வயது முப்பத்தேழு. இங்கே ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் தினமும் பதினான்கு கிலோமீட்டர் மிதித்துப் படித்தவள். பிறகு மாநிலப் போட்டியில் ஒரு வெள்ளி வாங்கினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்று குரும்பலூர் தாண்டுவதற்குள் வாழைப்பழம் உரிக்கிற கூட்டத்துக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அந்த வழி என்னுடையது. பாலக்கரையில் தொடங்கி, குரும்பலூர் வழியாகப் பச்சைமலை அடிவாரம், அங்கே ஒரு மேடு, பிறகு கல்லாற்றை ஒட்டி ஒரே இறக்கம், எலந்தைக்காடு, தரைப்பாலம், திரும்ப டவுன். அறுபத்திரண்டு கிலோமீட்டர். நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு அதை அமைத்தேன். தை மாதம் எந்த வீட்டுக்காரர் மக்காச்சோளத்தை ரோட்டில் காயப்போடுவார், எந்த வளைவில் ஆடு குறுக்கே வரும், மழை முடிந்து எத்தனை நாள் தரைப்பாலத்தில் பாசி வழுக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். வேறு யாருக்கும் தெரியாது.

டாக்டர் கோகுலகிருஷ்ணன் பல் டாக்டர். எங்கள் கிளப்பின் தலைவர். தலைவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வாட்ஸப் குழுவைத் தொடங்கியவர். மூன்று வருஷம் முன்பு என் பின்னாலேயே அந்த வழியை ஒரு தடவை ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிட எதிர்க்காற்று படாமல் என் முதுகு மறைவில் ஒட்டிக்கொண்டு வந்தார் என்பதுதான் சரி. வீட்டுக்குப் போய் அதைத் தன் போனிலிருந்து ஏதோ ஒரு ஆப்பில் ஏற்றினார். ஏற்றியவர் பெயரே வழிக்கும் வந்துவிட்டது. கோகுல் லூப். ஆறு மாதத்தில் திருச்சி, சேலம் எல்லாம் அதே பெயர்.

அவரே வந்து கேட்டார், அதையும் மறைக்க மாட்டேன்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கலையே? அது அதுவா வந்துடுச்சு. உங்க பேருக்கு மாத்திடுறேன், சொல்லுங்க."

"அதனால என்னங்க டாக்டர், இருக்கட்டும். பேருல என்ன இருக்கு?"

உண்மையாகத்தான் சொன்னேன். அப்படிப்பட்ட ஆளிடம் போய் என் பெயரைப் போடு என்று கேட்பதா? கேட்டு வாங்க வேண்டிய பொருளா அது? ஒரு மனுஷனுக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருந்தால், கேட்காமலே மாற்றியிருப்பான். இவர் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருஷம் தை கடைசி ஞாயிறு, வெளியூரிலிருந்து நூற்றைம்பது பேரை வரவழைத்து ஒரு பெரிய ஓட்டம் வைத்தார். பாலக்கரையில் ஃபிளக்ஸ், நடுவில் அவர் படம். பனியனின் முதுகில் என் வழியின் வரைபடம், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் அவர் பெயர். எனக்கும் ஒரு பனியன் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன். முதல் குழுவுக்கு முன்னால் போய் வழிகாட்டுகிற வேலையும் எனக்கே. வேறு யாருக்கு வழி தெரியும்?

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வரிசையாகப் போகும்போது சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் இடையில் ஒரு முழம்தான் இருக்கும். பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது, முன்னால் போகிறவரின் சக்கரமும் முதுகும்தான் தெரியும். அதனால் பள்ளம், சரளை, வேகத்தடை எது வந்தாலும் முன்னவர் கையைப் பின்னால் கொண்டுவந்து காட்டுவார். அடுத்தவர் தனக்குப் பின்னால் இருப்பவருக்குக் காட்டுவார். கை கடைசி ஆள் வரைக்கும் போகும். கை வரவில்லை என்றால் ரோடு சுத்தம் என்று அர்த்தம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், படித்தவர்கள், டாக்டர்கள், என்ஜினீயர்கள், உயிரை ஒரு விளையாட்டு டீச்சரின் இடது கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரவில்லை, மேடம்.

அன்றைக்கு எனக்குப் பின்னால் டாக்டர். அவருக்குப் பின்னால் பானுப்ரியா. அரியலூரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த பெண், இருபத்தாறு வயது. கிளம்பும்போது என்னிடம் வந்தாள்.

"அக்கா, இறக்கம்னாலே எனக்குப் பயம். ரோட்டையே பாக்க மாட்டேன், முன்னாடி கை காட்டுறதைத்தான் பாத்துட்டு வருவேன்."

"பயப்படாத. நான் முன்னாடி போறேன்ல" என்றேன்.

இறக்கம் கிழக்குப் பார்த்துப் போகும். ஏழேகால் மணிக்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். எலந்தைக்காட்டுக்கு முந்திய வளைவில் திடீரென்று புளியமரங்களின் நிழல். அந்த இருட்டில் இரண்டு விநாடிக்குக் கண் ஒன்றும் பிடிக்காது. அங்கேதான் வேகத்தடை இருந்தது. நான் ஓட்டத்திலேயே சைக்கிளை எம்பவைத்துத் தாண்டினேன். கையைக் காட்டவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். பதினைந்து வருஷப் பழக்கம், கை தானாகப் பின்னால் போகும். அன்றைக்கும் போகத்தான் பார்த்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதோ, உள்ளங்கையில் அந்தத் தோல் உரிந்த இடம் இன்னும் ஆறவில்லை.

சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பினேன். டாக்டருக்குக் காறை எலும்பு முறிந்தது, முன்பற்கள் நான்கு போய்விட்டன. பல் டாக்டருக்குப் பல் போனதில் சிரிக்க என்ன இருக்கிறது, நான் சிரிக்கவில்லை. அவர்மேல் ஏறி விழுந்தவர்கள் ஐந்து பேர். பானுப்ரியா தூக்கியெறியப்பட்டுப் புளியமரத்தில் மோதினாள். திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வளைவுக்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது அவளுடைய ஆரஞ்சு ஹெல்மெட் தெரிந்தது. ஒரு விநாடி யோசித்தேன். இந்தத் தடவை விட்டால் அடுத்த தைக்குத்தான். அதோடு, கண் இருக்கிறவள் ரோட்டைப் பார்த்திருக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. உங்கள் ஆட்கள் எலந்தைக்காட்டில் விசாரித்தபோது, வேகத்தடையில் வெள்ளைக் கோடு போட்டிருந்ததாக அந்த ஊர்க்காரர் மாயவன் அடித்துச் சொன்னாராம். கோடு எங்கே என்று அவரைப் போட்டு மிரட்டினீர்களாம். பாவம், அவர் போட்டது நிஜம். வெள்ளிக்கிழமை சுண்ணாம்பைக் கரைத்துப் பட்டை பட்டையாக அழகாகத்தான் அடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் நான் போய்த் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினேன். அந்தப் பக்கம் வந்த ஒரு அம்மா நாளைய ஓட்டத்துக்காக ரோட்டைக் கூட்டுகிறேன் என்று நினைத்து, இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

"எதுக்கு டீச்சரம்மா நீங்க கஷ்டப்படுறீங்க? எங்ககிட்ட சொன்னா நாங்க கூட்ட மாட்டமா?" என்று வேறு கேட்டார்.

இரண்டாவது, அந்த வேகத்தடை. டிப்பர் லாரி அடித்து மாயவனின் மாடு செத்தது கார்த்திகையில். வேகத்தடை கேட்டுக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். நான்தான் அவரிடம் போனேன்.

"மனு குடுத்து என்னண்ணே ஆவப்போவுது? நீங்களே ஒண்ணு போட்டுடுங்க."

"ஹைவேஸ்காரங்க வந்து சத்தம் போட மாட்டாங்களா?"

"உங்க ஊரு, உங்க மாடு. யாரு கேப்பா?"

பள்ளிச் சுவர் வேலையில் மிஞ்சிய சிமெண்ட் மூன்று மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊர் வாசலில் போடுவதாக இருந்தார். வளைவில் நிழலில் போட்டால்தான் லாரிக்காரன் வேகம் குறைப்பான் என்று சொல்லி, இடத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினேன். என் கைகளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். அவரை விட்டுவிடுங்கள், அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு ஏன் நானே வந்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பானுப்ரியாவின் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதார், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

நேற்று டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாயில் கட்டு, பேச்சு குழறியது. உங்களிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"ரூட் என்னோடதுன்னு சொல்லிட்டேன் டீச்சர். அதுல என்ன இருக்குன்னு பாக்க வேண்டியது நான்தான். அந்தப் பொண்ணு செத்ததுக்கு நான்தான் பொறுப்பு. உங்க பேரு எங்கயும் வராது, கவலப்படாதீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய மனசாம். பக்கத்தில் நின்ற நர்ஸ்கூட அவரைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான்கு வருஷம் வெயிலில் அலைந்து அமைத்த வழியை எடுத்துக்கொண்டார், சரி, போகட்டும் என்று விட்டேன். இரண்டு மாதம் திட்டம் போட்டு, இடம் பார்த்து, சிமெண்ட் சுமந்து, சுண்ணாம்பைக் கழுவி, கையை அடக்கி நான் செய்ததையும், படுத்த படுக்கையில் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார். அதற்கும் ஒரு அளவு இல்லையா, மேடம்? அந்த ஆளால் அந்த இறக்கத்தில் ஒரு பள்ளத்தைக்கூட ஒழுங்காகத் தாண்ட முடியாது.

அவ்வளவுதான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும். மேலே முதல் வரியில், சம்பவம் நடந்த இடம் 'கோகுல் லூப்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். பானுப்ரியாவின் பெயர் கீழே எங்கேயாவது வந்தால் போதும். மற்றபடி டாக்டர்மேல் எனக்குக் கோபம், பொறாமை எதுவும் கிடையாது. பெயரில் என்ன இருக்கிறது?